படுக்காத கடிகாரம்

கடிகாரம் பழுது பார்க்கும் அந்தப் பெண்ணைத் தெருவில் எல்லோரும் முள்ளக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கடிகார முள்ளோடு பிழைப்பதால் வந்த பெயர் என்று அவள் சொல்லிக்கொள்வாள். அடுத்த கடையில் சாவி வெட்டும் சாவிக்காரர் வேறு காரணம் சொல்வார்.

"அக்கா எதையும் குத்தாம சொல்ல மாட்டாங்க. குத்தினதும் நமக்கு வீட்டுக்குப் போய்த்தான் வலிக்கும்."

அவளுடைய கடை ஒரு பழைய மாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு முக்காலி, வாடிக்கையாளர் முழங்கை ஊன்ற ஒரு பலகை. உள்ளே நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். மேலே யாராவது இறங்கினால் மேசை அதிரும். மூடியில் பரப்பிவைத்த திருகாணிகள் இடம் மாறும். அதனால் காலடி கேட்டதும் இடுக்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே இருப்பாள். ஆள் இறங்கிப் போன பிறகுதான் கை திரும்ப அசையும். பல வருடப் பழக்கத்தில், சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். "மூணாவது மாடி வக்கீல், இன்னிக்கு இடது செருப்பு புதுசு" என்பாள் தலை நிமிராமல். சரியாகத்தான் இருக்கும்.

தொழிலை அவளுக்கு யாரும் உட்கார்த்திவைத்துச் சொல்லித் தரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெரிய கடிகாரக் கடையில் ரசீது எழுதும் வேலையில் இருந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பழுது பார்ப்பவர்களின் கைகள் மட்டும் தெரியும். அந்தக் கைகளைப் பார்த்துப் பார்த்து, இனி உதவாது என்று ஒதுக்கிய கடிகாரங்களை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிரித்தாள். முதலில் பிரித்தவை எல்லாம் அவள் கையில் இரண்டாம் முறை செத்தன. பிறகு ஒன்று பிழைத்தது. அந்த ஒன்று ஓடிய சத்தத்தைக் கேட்டபோது யாரோ தன் காதுக்குள் பேசியதுபோல் உடம்பு கூசியது என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

வேகத்தை அளக்கும் மின்கருவி அவளிடம் கிடையாது. அவள் முறையே வேறு. சரிபார்த்த கடிகாரங்களைப் பகல் முழுவதும் மேசைக்கு எதிரே உள்ள கம்பிக் கொக்கிகளில் தொங்கவிடுவாள். கடை மூடும்போது எல்லாவற்றையும் எடுத்து, கம்பளித் துணி விரித்த தட்டில் முகம் மேலே பார்க்க மல்லாக்கப் படுக்கவைப்பாள். மறுநாள் காலை வானொலியில் மணி சொல்லும்போது ஒரே ஒரு தரம் ஒப்பிட்டுப் பார்ப்பாள். நடுவில் பார்க்க மாட்டாள். "உலையைத் திறந்து திறந்து பார்த்தா வெந்துருமா?" என்பாள்.

புதிதாக ஒரு கடிகாரம் வந்தால், பின்மூடியைத் திறப்பதற்கு முன்னால் அவள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"ராத்திரி இதை எப்படி வைப்பீங்க? மல்லாக்கவா, ஒருக்களிச்சா, ஆணியில மாட்டுவீங்களா?"

இந்தக் கேள்விக்கு ஆண்கள் சிரிப்பார்கள். "அது என் பொண்டாட்டியத்தான் கேக்கணும்" என்பார் ஒருவர். "கடிகாரத்தைக் கேக்கறீங்களா, என்னையா?" என்பார் இன்னொருவர். அவள் சிரிக்காமல் காத்திருப்பாள். காரணம் இருந்தது. கடிகாரத்துக்குள் ஓயாமல் ஆடும் சின்னச் சக்கரம், நிமிர்ந்து நிற்கும்போது ஒரு வேகம், படுத்திருக்கும்போது ஒரு வேகம் காட்டும். புதுக் கடிகாரத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. வயதாகி, அச்சின் ஊசிமுனை தேய்ந்த பிறகு தெரியும். அச்சை மாற்றலாம், ஆனால் பல பழைய கடிகாரங்களுக்கு அச்சு கிடைக்காது. அப்போது அவள் ஒரு சமாதானம் செய்துவைப்பாள். பகலில் கையில் தொங்கி இழப்பதை ராத்திரி படுத்து ஈடுகட்டும்படி, உள்ளே இருக்கும் வேக முள்ளைக் கொஞ்சம் நகர்த்திவைப்பாள். காலையில் கணக்கு நேராகிவிடும்.

அவளுடைய கணவரின் கடிகாரத்துக்கும் அப்படித்தான் செய்திருந்தாள். அவர் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவர். நாள் முழுக்க நின்றபடி வேலை. வலது கை பொத்தான்களில், இடது கை தொங்கலில். வீட்டுக்கு வந்தால் நாற்காலியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றுவார், அப்புறம் கடிகாரத்தைக் கழற்றுவார். விளிம்பு உடைந்த ஒரு பீங்கான் தட்டில் அதை மல்லாக்க வைப்பார். "இதுவும் என்னை மாதிரிதான். படுத்தாத்தான் தெம்பு" என்பார். தினமும் சொல்வார். தினமும் கேட்டுக்கேட்டு அவளுக்கு அந்தப் பேச்சு காதில் விழுவதே நின்றுபோயிருந்தது.

போன மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் துணைக்கு இருந்தவள் அவர்களுடைய ஒரே மகள். ஒரு விடியலில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவள் கொஞ்சம் கண்ணசந்த நேரத்தில் அவர் போய்விட்டார். அவர் கையிலிருந்து கழற்றிய கடிகாரத்தை அங்கேயே தன் இடது கையில் கட்டிக்கொண்டாள். பட்டை பெரிதாக இருந்ததால் கூடுதலாக ஒரு துளை போட்டுக்கொண்டாள்.

வீட்டில் இரண்டே அறைகள். அப்பாவின் உள்ளறையில் தான் படுத்துக்கொள்வதாக மகள் சொன்னாள். அம்மா முன்னறைக்கு வந்தாள். துக்கத்துக்கு ஒரு கதவு இருப்பது நல்லதுதான் என்று நினைத்தாள்.

மகள் எக்ஸ்ரே எடுக்கப் படித்தவள். ஒரு பகல் ரயில் தூரத்தில் இருந்த ஊரில், ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் சேர வேண்டும். சேராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பெட்டி கட்டுவதைப் பற்றி அம்மா பேச்செடுத்தபோது அவள் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள்.

"அம்மா, இது தினம் பின்னாடி போகுது. தினம் காலையில திருத்தறேன். மறுநாள் பாத்தா மறுபடியும் பின்னாடி."

"பழசு. எண்ணெய் காஞ்சிருக்கும்."

"அப்பா கையில என்னிக்காவது பின்னாடி போச்சா?"

முள்ளக்கா மகளின் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தில் காதை வைத்தாள்.

"என்னைப் பின்னாடி பிடிச்சு இழுக்கறாரும்மா. போகாதேங்கறாரு."

வெளியாள் சொல்லியிருந்தால் குத்தலாக ஏதாவது சொல்லியிருப்பாள். மகளின் கண்ணுக்குக் கீழே இருந்த கருமையைப் பார்த்தாள்.

"நான் சரி பண்ணித் தர்றேன். சரியா ஓடினா போவியா?"

மகள் கொஞ்சம் யோசித்தாள். "ஓடினா போறேன். ஓடலைன்னா என்னைக் கேக்காதீங்க."

அப்படி ஒப்பந்தம் ஆயிற்று.

முள்ளக்கா மறுநாளே கடிகாரத்தைப் பிரித்தாள். பெட்ரோலில் கழுவினாள். அச்சுமுனைகள் சுழலும் கல் துளைகளைக் கூர்சீவிய குச்சியால் சுத்தம் செய்தாள். மயிரிழைச் சுருளின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா என்று பார்த்தாள், இல்லை. காந்தம் ஏறியிருக்கிறதா என்று திசைகாட்டியைப் பக்கத்தில் வைத்தாள், ஊசி அசையவில்லை. சுருள்வில்லை மாற்றினாள். அச்சின் ஊசிமுனை தேய்ந்திருந்தது, ஆனால் அது இருபது வருடமாகவே தேய்ந்துதான் இருந்தது. எண்ணெய் இட்டு, மூடி, கொக்கியில் மாட்டினாள். சாயங்காலம் தட்டில் படுக்கவைத்தாள். காலையில் வானொலி மணி சொன்னபோது முள் அச்சாக நின்றது. அடுத்த காலையும் அப்படியே.

கொடுத்தாள். மகளின் கையில் அது பின்னுக்குப் போனது.

திரும்ப வாங்கினாள். கடையில் நேர். கையில் பின். மூன்றாம் தடவை கொடுத்தபோது, கடிகாரத்தை எடுத்துக்கொண்ட மகளின் விரல்கள் சில்லென்று இருந்தன.

"உங்ககிட்ட ஒழுங்கா இருக்காரு. என்கிட்டத்தான்" என்று மட்டும் சொன்னாள்.

சாவிக்காரர் இதையெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னக்கா, சொந்த வாட்ச்சுன்னதும் கை நடுங்குதா? பேசாம பேட்டரி வாட்ச் ஒண்ணு வாங்கிக் குடுங்க பொண்ணுக்கு."

"உன் வீட்டுப் பூட்டு கெட்டா வீட்டை மாத்துவியா?"

"அய்யோ, ஆரம்பிச்சுட்டாங்க" என்று அவர் அரத்தை எடுத்துக்கொண்டார்.

அவளுக்கே பயம் தொடங்கியிருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. காரணம், கடிகாரம் மட்டும் இல்லை. கொஞ்ச நாளாக, விடியும் முன் விழிப்பு வரும்போது, உள்ளறையில் அந்த நாற்காலி கிறீச்சிடுவது கேட்டது. சப்பாத்துக் கழற்ற அவர் உட்காரும் அதே நாற்காலி. உட்காரும்போது ஒரு சத்தம், முன்னால் குனியும்போது ஒரு சத்தம். படியில் இறங்கும் வக்கீலின் செருப்பைத் தெரிந்தவளுக்கு இது தெரியாதா? மகளை எழுப்பிப் பயமுறுத்த வேண்டாம் என்று, கணவரின் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு கதவு வரை போய் நின்று கேட்பாள். சத்தம் நின்றுவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு யாரோ உள்ளே இருப்பதுபோல் இருக்கும். திரும்பிவந்து படுப்பாள். காலையில் உள்ளறையைப் பெருக்கப் போனால் படுக்கை விரிப்பு ஒரு சுருக்கம் இல்லாமல் இருக்கும். தலையணை உப்பலாக இருக்கும். எவ்வளவு துக்கத்திலும் என் பெண் படுக்கையைச் சீராக வைக்கிறாள் என்று நினைத்துக்கொள்வாள்.

கடை மேசையில் உட்கார்ந்து அந்தக் கடிகாரத்தைக் காதில் வைப்பாள். எந்தக் குறையும் இல்லாத ஆட்டம். குறை இல்லாததுதான் பயமாக இருந்தது. குறை இருந்தால் கைக்கு வேலை இருக்கும்.

அந்த வாரம் ஒரு கிடங்குக் காவல்காரர் தன் கடிகாரத்தைக் கொண்டுவந்தார். கொட்டாவி விட்டபடியே பலகையில் முழங்கையை ஊன்றினார்.

"லேட்டா போகுதுக்கா. ஒரு வாரம் விட்டா அரை மணி தின்னுடுது."

வாய் பழகிய கேள்வி தானாக வந்தது. "ராத்திரி எப்படி வைப்பீங்க? மல்லாக்கவா, ஒருக்களிச்சா?"

"எங்க வைக்கறது? நான் காவல்காரன்கா. ராத்திரி பூரா நாற்காலியில கையத் தொங்கப் போட்டு உக்காந்திருக்கேன். பகல்ல கட்டிக்கிட்டே கொஞ்சம் சாயறேன். நானும் படுக்கறதில்ல, அதுவும் படுக்கறதில்ல."

முள்ளக்காவின் கை பின்மூடித் திறப்பானோடு அந்தரத்தில் நின்றது. படிக்கட்டில் யாரும் இறங்கவில்லை.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. வெச்சுட்டுப் போங்க."

கடைக்கு வந்த எல்லோரிடமும் கேட்ட கேள்வியை அவள் ஒரே ஒருத்தியிடம் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கடிகாரத்தை எப்படி வைப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். பீங்கான் தட்டு இன்னும் கட்டில் பக்கத்தில்தான் இருந்தது. கடையிலும் அவள் கை, பகலில் தொங்கவிட்டு, சாயங்காலம் படுக்கவைத்து, அவருடைய ஒரு நாளையே திரும்பத் திரும்ப அதற்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. செத்தவருக்காகக் கடிகாரத்தைச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

மகளிடம் பேச்சுக் கொடுக்காமல் அதை மறுபடி வாங்கிவந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் விதியை மீறிச் சாயங்காலமே பார்த்தாள். தொங்கிய கடிகாரம் பின்னால் இருந்தது. அன்று தட்டில் வைக்காமல் கொக்கியிலேயே விட்டுப் போனாள். காலையில் இன்னும் பின்னால் இருந்தது, மகள் காட்டும் அதே அளவுக்கு.

அதாவது இந்தக் கடிகாரம் மகளின் கையில் ஒரு ராத்திரிகூடப் படுக்கவில்லை.

படுத்துத் தூங்குகிறவள் கை எப்படியும் புரளும், கொஞ்ச நேரமாவது மல்லாக்கக் கிடக்கும், கொஞ்சமாவது ஈடுகட்டியிருக்கும். இது எதையும் ஈடுகட்டவில்லை. கை தொங்கியபடியே இருந்திருக்கிறது. நாற்காலியில். சுருக்கமில்லாத விரிப்பு நினைவுக்கு வந்தது. உப்பலான தலையணை. முன்னால் குனியும்போது வரும் அந்தக் கிறீச். பேய் என்று நினைத்ததைவிட இது மோசமாக இருந்தது.

பின்மூடியைத் திறந்தாள். கண்ணில் குவிகண்ணாடியை இடுக்கிக்கொண்டாள். வேக முள் எதிரே இருந்தது. அதை மயிரிழை அளவு வேகப் பக்கம் தள்ளினால் போதும். எப்போதும் தொங்கினாலும் நேராக ஓடும். நாளைக்கே ஓடும். ஒப்பந்தப்படி மகள் ரயில் ஏறுவாள். முகம் தெரியாத ஊரில், ஏதோ ஓர் அறையில், ஏதோ ஒரு நாற்காலியில், சரியான மணி காட்டும் கடிகாரத்தோடு விழித்திருப்பாள்.

இடுக்கி முள்ளைத் தொட்டது. தொட்டபடியே இருந்தது. மேலே யாரோ இறங்கினார்கள், மேசை அதிர்ந்தது, அவள் கையை எடுத்தாள். சத்தம் போன பிறகும் கை திரும்ப உள்ளே போகவில்லை. பின்மூடியை மூடினாள்.

மதியம் சாப்பாட்டு டப்பாவோடு மகள் வந்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் நின்று, கொக்கியில் தொங்கும் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"என்னாச்சும்மா? சரி ஆயிடுச்சா?"

"ஒண்ணு கேக்கறேன். ராத்திரி இதை எப்படி வைக்கறே?"

கேள்வியை மகள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். உதடு லேசாகச் சிரிக்கப் பார்த்து நின்றது.

"நான் என்ன கஸ்டமரா?"

"சொல்லு பாப்பா."

"கையிலதான் இருக்கும்."

"கை எங்க இருக்கும்?"

மகள் சாப்பாட்டு டப்பாவைப் பலகையில் வைத்தாள்.

"கட்டில்ல இருக்காது. எனக்குத் தெரியும். இது சொல்லிடுச்சு. உன் கை மாசக்கணக்கா படுக்கல."

அடுத்த கடையில் அரம் நின்றது. சாவிக்காரர் எழுந்து, யாரும் கூப்பிடாமலே டீக்கடைப் பக்கம் நடந்தார்.

மகள் முழங்கைகளைப் பலகையில் ஊன்றி முகத்தைக் கைகளில் வைத்துக்கொண்டாள். "கண்ணை மூடினா போச்சும்மா. அன்னிக்கும் அப்படித்தான். கொஞ்ச நேரம்தான் மூடினேன். தொறந்து பாத்தா அப்பா இல்ல. இதைக் கழட்டி வெச்சுட்டுத் தூங்கினா இதுவும் நின்னுடும்னு இருக்கு. பாத்துக்கிட்டே இருந்தா ஓடுது."

"நீ பாக்காதப்பத்தான் இது நல்லா ஓடுது."

மகள் நிமிர்ந்தாள்.

"அதை மல்லாக்கப் படுக்க வெச்சாத்தான் விட்டதைப் பிடிக்கும். நான்தான் உங்கப்பாவுக்காக அப்படிப் பண்ணி வெச்சேன். இருபது வருஷமா அவர் தூங்கித்தான் இது நேரம் காட்டுச்சு. அவர் உன்னைப் பிடிச்சு இழுக்கலை. அவருக்கு ஒருத்தரை இழுக்கத் தெரியுமா? மேலயும் கீழயும் கொண்டுபோய் விடத்தான் தெரியும்."

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"அப்போ அந்தச் செருப்புச் சத்தம்?"

"எந்தச் செருப்பு?"

"விடியக்காலையில அப்பா செருப்பு நடந்து வரும். என் கதவு கிட்ட வந்து நிக்கும். நான் மூச்சே விடமாட்டேன். அப்புறம் திரும்பிப் போயிடும்."

முள்ளக்கா குவிகண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

"அது நான். நாற்காலிச் சத்தம் கேட்டு வந்தேன். அவருன்னு நெனச்சேன்."

"நாற்காலியில நான்தாம்மா."

"இப்பத் தெரியுது."

ஒருவருக்கொருவர் பேயாக அத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள். முள்ளக்கா விளக்கை அணைத்தாள். தட்டிகளை எடுத்து வைக்கத் தொடங்கினாள். டீக்கடையிலிருந்து திரும்பிய சாவிக்காரர் நின்று பார்த்தார்.

"பட்டப்பகல்ல கடையை மூடறீங்க? சூரியன் எந்தப் பக்கம் உதிச்சுது இன்னிக்கு?"

"படுக்கப் போறோம்" என்றாள் அவள்.

வீட்டில், அவருடைய பீங்கான் தட்டைக் கழுவித் துடைத்து முன்னறையில் பாய்க்குப் பக்கத்தில் வைத்தாள். மகள் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"நின்னுட்டா?"

"நின்னா ஓடவைக்கத்தான் நான் இருக்கேன். அதானே என் தொழில்."

பீங்கானில் உலோகம் படும் சின்னச் சத்தம் கேட்டது. மல்லாக்க. மகள் சாய்ந்தாள். முதலில் தட்டைப் பார்த்தபடி இருந்தாள், இமை விழுந்து, திடுக்கிட்டு எழுந்து பார்த்தாள், ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி விழுந்தது இமை. அதற்குப் பிறகு எழவில்லை. மறுநாள் வானொலி மணி சொல்லும்வரை அவள் தூங்கினாள். அம்மா எழுப்பவில்லை. கடிகாரத்தை மட்டும் பார்த்தாள். வானொலி மணிக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது, கடன் தீர்த்தபின்னும் கொடுக்கும் மனுஷன்போல. அவ்வளவு நேரம் படுத்திருந்தால் அப்படித்தான் ஓடும்.

மகள் எழுந்து பார்த்துவிட்டுக் கொஞ்சம் பயந்தாள். "இப்ப முன்னாடி போகுதே!"

"ராத்திரி பூரா படுத்துச் சேத்தது. பகல்ல தொங்கட்டும், ராத்திரி படுக்கட்டும். நாலு நாள்ல நேராயிடும்."

ஆயிற்று. மாதம் பிறந்ததும் முள்ளக்கா அவளை ரயிலேற்றப் போனாள். பெட்டிக்குள், துணிகளுக்கு நடுவே அந்த உடைந்த விளிம்புத் தட்டும் இருந்தது. மகளே எடுத்து வைத்திருந்தாள். ஜன்னல் வழியே கையை நீட்டி மணி காட்டினாள். முள்ளக்கா நடைமேடைக் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாக இருந்தன. ரயில்தான் தாமதம்.

அன்று அவள் கடைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து முன்னறையில் பாயை விரித்தாள். வெளியே நல்ல வெயில். வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. உள்ளறைக் கதவு திறந்தே கிடந்தது. நாற்காலியின் ஒரு கால் தெரிந்தது. கண்ணை மூடினாள்.

நாற்காலி கிறீச்சிட்டது. உட்காரும் சத்தம். கொஞ்சம் பொறுத்து, முன்னால் குனியும் சத்தம்.

மரம் வெயிலுக்கு அப்படித்தான் சத்தம் போடும் என்று அவளுக்குத் தெரியும். எந்தச் சத்தம் எதனுடையது என்பதும் அவளுக்குத் தெரியும். எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

"பாப்பா போய்ச் சேர்ந்துடுவா" என்றாள், கண்ணைத் திறக்காமல். "நீங்களும் படுங்க."